எட்டு கேமரா இருந்தும் முகம் தெரியவில்லை: ஒரு கிடங்குக் கண்காணிப்பின் நிகழ்வு ஆய்வு

ஒரு சரக்குக் கிடங்கு. முன்வாசல், பின்வாசல், லாரிகள் நிற்கும் முற்றம், கொஞ்சம் தள்ளிச் சாலையோரத்தில் வெளிக்கேட். எட்டு கேமராக்கள் இருந்தன, எட்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஓர் இரவு இரண்டு பேர் பின்வாசல் வழியாக நுழைந்து பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் பதிவைப் போட்டுப் பார்த்தபோது ஆள் வந்தது தெரிந்தது, போனது தெரிந்தது. யார் என்பது மட்டும் எட்டில் ஒன்றிலும் தெரியவில்லை. காவல்துறையிடம் கொடுக்க ஒரு முகம்கூடத் தேறவில்லை.

அதற்குப் பிறகு உரிமையாளர் எடுத்த முடிவு பெரும்பாலானோர் எடுக்கிற முடிவுதான்: இன்னும் எட்டு கேமரா போடலாம், இந்த முறை எல்லாம் 8 மெகாபிக்சலில். அந்தக் கட்டத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, கையில் இருக்கிற பதிவு ஏன் உதவவில்லை என்று முதலில் பார்த்துவிடலாம் என்று கேட்டுக்கொண்டேன். ஒப்புக்கொண்டார். கடைசியில் அங்கே இருப்பவை ஒன்பது கேமராக்கள்தான். அவற்றில் ஐந்து பழையவை, நான்கு புதியவை. புதிய நான்கில் ஒன்றுகூட 8 மெகாபிக்சல் இல்லை. எப்படி அந்த முடிவுக்கு வந்தோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

பழைய பதிவில் என்ன குறை

பின்வாசலைப் பார்த்த கேமரா 4 மெகாபிக்சல், 2.8 மி.மீ. லென்ஸ். கூரை விளிம்பில், தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் மாட்டியிருந்தார்கள். கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தால் யாரும் உடைக்க மாட்டார்கள் என்ற எண்ணம். பகலில் அந்தப் படம் பார்க்க அருமையாக இருக்கும். முற்றம் முழுக்க ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். அதுதான் சிக்கலே.

இந்த வகை கேமராவில் 2.8 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 100 பாகை அகலத்துக்குப் பார்க்கும். 11 மீட்டர் தள்ளியிருந்த கதவருகே அது 26 மீட்டர் அகலக் காட்சியாக விரிகிறது. படத்தின் அகலம் 2560 பிக்சல். வகுத்துப் பார்த்தால் ஒரு மீட்டருக்கு 100 பிக்சல்கூட இல்லை. மனித முகத்தின் அகலம் 16 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அந்தத் திருடனின் முகத்துக்குக் கிடைத்தது 16 பிக்சல். எந்த மென்பொருளை வைத்துப் பெரிதாக்கினாலும் பதினாறு புள்ளிகளிலிருந்து ஒரு முகத்தை வரவழைக்க முடியாது. சரி, கேமராவை நோக்கி அவர் நடந்து வந்தபோது முகம் பெரிதாகியிருக்க வேண்டுமே? பெரிதாகத்தான் ஆனது. ஆனால் 4 மீட்டர் அருகில் வந்தபோது கேமரா 40 பாகை மேலிருந்து பார்த்தது. தெரிந்தது தொப்பியின் மேல்பகுதி.

அடுத்தது அசைவு மங்கல். இருட்டில் தானியங்கி அமைப்பில் விட்டால், படம் வெளிச்சமாகத் தெரிவதற்காகக் கேமரா தன் ஷட்டரை மெதுவாக்கிக்கொள்ளும். இங்கே அது 1/12 நொடிவரை போயிருந்தது. சாதாரணமாக நடப்பவர் நொடிக்கு 1.4 மீட்டர் நகர்கிறார். 1/12 நொடியில் கிட்டத்தட்ட 12 செ.மீ. அதாவது ஒரு படச்சட்டம் பதிவாகும் நேரத்துக்குள் முகம் தன் அகலத்தில் முக்கால் பங்கு நகர்ந்துவிடுகிறது. இரவுக் காட்சியை நிறுத்திவைத்துப் பார்க்கும்போது சுவரும் தரையும் தெளிவாக இருக்கும், ஆள் மட்டும் புகை மாதிரித் தெரிவார். அதற்குக் காரணம் இதுதான். விற்பனைக் காணொளிகளில் இரவுக் காட்சி பளிச்சென்று இருப்பதற்கும் பல நேரம் இதே மெதுவான ஷட்டர்தான் காரணம். அந்தக் காட்சிகளில் யாரும் நடக்க மாட்டார்கள்.

மூன்றாவது, கேமராவின் சொந்த அகச்சிவப்பு விளக்கு. கூரை விளிம்பு லென்ஸுக்கு மிக அருகில் இருந்ததால் ஒளி அதில் பட்டுத் திரும்பியது. அதற்குத் தகுந்தாற்போல் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ள, கதவுப் பக்கம் இன்னும் இருட்டானது. போதாததற்குக் கண்ணாடிக் குவிமாடத்தில் சிலந்தி வலை. அகச்சிவப்பு ஒளிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். எந்த ஊராக இருந்தாலும் இது தப்பாது.

மற்ற குறைகள் கேமராவில் இல்லை. பதிவுக் கருவி அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு செய்யும்படி வைக்கப்பட்டிருந்தது. ஆள் பாதித் தூரம் கடந்த பிறகுதான் காட்சியே தொடங்குகிறது. கருவியின் கடிகாரம் 23 நிமிடம் பிந்தியிருந்தது. காட்சியைப் பிரித்தெடுக்கத் தெரியாமல் யாரோ திரையைக் கைபேசியில் படம்பிடித்துக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கருவி முன்மேசையில், திரைக்குப் பக்கத்திலேயே, யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம் என்ற நிலையில் இருந்தது. திருடர்களுக்கு அது தோன்றாதது நல்லகாலம்.

இதையெல்லாம் பார்த்த பிறகு ஒன்று தெளிவாகிவிட்டது. இதே இடங்களில், இதே உயரத்தில், இதே லென்ஸோடு 8 மெகாபிக்சல் கேமராக்களை மாட்டினால் அடுத்த திருட்டிலும் புகை உருவம்தான் கிடைக்கும். அது கொஞ்சம் கூர்மையான சுவருக்கு முன்னால் தெரியும், அவ்வளவுதான்.

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கேள்வி

கேமரா பட்டியலுக்குப் பதிலாக ஒரு தாளில் இடங்களை எழுதினோம். ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே, அங்கிருந்து வரும் படம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. பின்வாசல்: நுழைந்தது யார்? முற்றம்: எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள், எத்தனை பேர், எப்போது? வெளிக்கேட்: எந்த வண்டி, அதன் எண் என்ன? உள் நடைபாதைகள்: ஆள் நடமாட்டம் இருந்ததா இல்லையா?

இந்தக் கேள்விகளுக்கு அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 62676-4 தரநிலையின் 2014 பதிப்பு இதைப் பிக்சல் கணக்கில் சொல்கிறது. முன்பின் தெரியாத ஒருவரை இவர்தான் என்று அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல். ஏற்கெனவே தெரிந்தவரை அவர்தான் என்று சொல்ல 125. ஆள் வந்திருக்கிறார் என்று உறுதிப்படுத்த 25 போதும். பகலில், நல்ல வெளிச்சத்தில் இவை குறைந்தபட்ச அளவுகள் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம். இரவுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன்.

இந்த அளவுகோலை வைத்தவுடன் லென்ஸ் தேர்வு தானாக வந்துவிடுகிறது. 2.8 மி.மீ. லென்ஸோடு 250 பிக்சல் வேண்டுமென்றால் ஆள் 4.3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 6 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 54 பாகை. 10 மீட்டர்வரை அதே 250 கிடைக்கும். அகலத்தை விட்டுக்கொடுத்தால் தூரம் கிடைக்கும், தூரத்தை விட்டுக்கொடுத்தால் அகலம். இரண்டையும் ஒரே கேமராவில் கேட்கும்போதுதான் இந்தக் கிடங்குக்கு வந்த நிலை வருகிறது.

பின்வாசல் கேமராவை வெளியிலிருந்து எடுத்து உள்ளே வைத்தோம். கதவைப் பார்த்தபடி, 2.4 மீட்டர் உயரத்தில், 6 மி.மீ. லென்ஸ். உள்ளே வருகிற யாரும் கதவைத் தாண்டி நேராக அதை நோக்கித்தான் நடக்க வேண்டும். முகம் சரியான அளவில் விழும் 4 மீட்டர் தூரத்தில் பார்வைக் கோணம் 11 பாகைதான். குனிந்து நடப்பவரின் முகம்கூடப் பெரும்பாலும் சிக்கும். பகலில் கதவைத் திறந்தால் பின்னாலிருந்து வெயில் வந்து ஆள் கருநிழலாகிவிடுவார் என்பதால் டபிள்யூ.டி.ஆர். (வெளிச்சத்தையும் நிழலையும் ஒரே படத்தில் தெரியவைக்கும் வசதி) நன்றாக வேலை செய்யும் கேமரா தேவைப்பட்டது. அதையே இரவிலும் விட்டுவைத்தால் அசைவில் பேய்நிழல் விழும். அதனால் பகலுக்கு ஓர் அமைப்பு, இரவுக்கு ஓர் அமைப்பு என்று பிரித்து வைத்தோம்.

மெகாபிக்சலா, சென்சாரா

உரிமையாளரோடு நீண்ட நேரம் பேச வேண்டியிருந்தது இதைப் பற்றித்தான். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது: பிக்சல் போதவில்லை என்கிறீர்கள், அப்புறம் அதிகப் பிக்சல் வேண்டாம் என்கிறீர்களே?

பகலில் அவர் சொல்வது சரி. இரவில் விஷயம் பிக்சலின் எண்ணிக்கையைவிட அதன் பரப்பில் இருக்கிறது. பரவலாகக் கிடைக்கும் 8 மெகாபிக்சல் கேமராக்கள் பலவற்றில் ஒளியைப் படமாக்கும் சில்லு 1/2.8 அங்குல சென்சார். அதில் ஒரு பிக்சலின் பக்கம் 1.45 மைக்ரோமீட்டர். 1/1.8 அங்குல சென்சாரில் 4 மெகாபிக்சல் வரும்போது பிக்சலின் பக்கம் 2.9 மைக்ரோமீட்டர்வரை போகிறது. பக்கம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. ஒவ்வொரு பிக்சலுக்கும் நான்கு மடங்கு ஒளி கிடைக்கிறது என்றால் ஷட்டரை அந்த அளவுக்கு வேகமாக வைத்துக்கொள்ளலாம். ஷட்டர் வேகம்தான் முகம்.

பேச்சில் தீரவில்லை, தீரவும் வேண்டியதில்லை. இரண்டு வகையிலும் ஒவ்வொரு கேமராவை வாங்கி, ஒரே கம்பத்தில் அருகருகே கட்டி, இரவில் ஓர் ஆளை நடக்கவிட்டோம். இரண்டிலும் ஷட்டரை 1/100 நொடியில் பூட்டினோம். அந்த வேகத்தில் நடப்பவர் 1.4 செ.மீ. மட்டுமே நகர்வார், அதுவும் போக 50 ஹெர்ட்ஸ் மின்விளக்குகளின் சிமிட்டலும் அதில் படத்தைக் கெடுக்காது. 8 மெகாபிக்சல் படம் புள்ளிப் புள்ளியாகவும் இருட்டாகவும் வந்தது. 4 மெகாபிக்சலில் கண், மூக்கு, தாடி தெரிந்தது. உரிமையாளர் வேறெதுவும் கேட்கவில்லை. கேமரா வாங்கப்போகும் யாருக்கும் நான் சொல்வது இதைத்தான்: மொத்தமாக வாங்கும் முன் ஒன்றை மட்டும் வாங்கி, மாட்டப்போகும் இடத்தில், இருட்டில், ஓர் ஆளை நடக்கவிட்டுப் பாருங்கள். தரவுத்தாளில் எழுதியிருக்கும் குறைந்த வெளிச்ச அளவு எந்த ஷட்டர் வேகத்தில் எடுத்தது என்று பெரும்பாலும் அங்கே இருக்காது.

கேமராவுக்குள் இருக்கும் அகச்சிவப்பு விளக்கைப் பின்வாசலிலும் முற்றத்திலும் அணைத்துவிட்டு, தனி விளக்குகளைச் சற்றுத் தள்ளி மாட்டினோம். பூச்சிகள் அந்த விளக்குக்குப் போகின்றன, லென்ஸுக்கு வருவதில்லை. 850 நானோமீட்டர் விளக்குதான்; உற்றுப் பார்த்தால் மங்கலான சிவப்பு தெரியும். 940 நானோமீட்டர் கண்ணுக்கே தெரியாது என்றாலும் சென்சார்களுக்கு அந்த அலைநீளத்தில் உணர்திறன் குறைவு, எட்டும் தூரமும் குறையும். ஒளிந்து பார்க்க வேண்டிய தேவை இங்கே இல்லை.

வண்டி எண் என்ற தனிக் கணக்கு

வெளிக்கேட்டில் ஒரே கேமராவில் வண்டியும் எண்ணும் ஓட்டுநரும் வேண்டும் என்பது முதலில் வந்த கோரிக்கை. இரவில் அது நடக்காது. எண் பலகை வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பொருளால் ஆனது. சுற்றுப்புறம் தெரியும் அளவுக்கு வெளிச்சத்தை ஏற்றினால் பலகை வெள்ளைச் சதுரமாகிவிடும், முகப்பு விளக்கு அதையும் விழுங்கிவிடும். பலகை தெரியும் அளவுக்கு இறக்கினால் மற்றதெல்லாம் கறுப்பு.

ஆகவே இரண்டு கேமராக்கள். ஒன்று பழையதில் எடுத்தது, காட்சி முழுவதையும் பார்க்க. இன்னொன்று எண் பலகைக்கு மட்டும்: 12 மி.மீ. லென்ஸ், 15 மீட்டர் தூரம், அங்கே காட்சியின் அகலம் 7 மீட்டருக்கும் குறைவு, மீட்டருக்கு 380 பிக்சல் அளவில். ஷட்டர் 1/1000 நொடி. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அந்த நேரத்தில் 6 மி.மீ.கூட நகராது. குவியத்தை இருட்டில் வைத்துப் பூட்டினோம், தானியங்கிக் குவியத்தை விட்டுவைத்தால் இருட்டில் தேடிக்கொண்டே இருக்கும். வண்டி வரும் பாதைக்கும் கேமராவுக்கும் இடையிலான கோணத்தை 30 பாகைக்குள் வைத்தோம். இந்தக் கேமராவின் இரவுப் படத்தைச் சும்மா பார்த்தால் பழுதாகிவிட்டது என்றுதான் தோன்றும், அத்தனை இருட்டு. வண்டி வரும்போது எண் மட்டும் அந்தரத்தில் மிதந்து போகும். அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு குறிப்பைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறோம், நல்லெண்ணத்தில் யாராவது வெளிச்சத்தை ஏற்றிவிடக் கூடாது.

கேபிளும் மின்சாரமும்

கம்பியில்லா கேமரா வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. வைஃபையைக் கெடுக்கும் கருவிகள் எளிதில் கிடைக்கின்றன, அவை இல்லாமலேயே அலைவரிசை நெரிசலில் காட்சி விட்டுவிட்டு வரும். ஒரே கேபிளில் தரவும் மின்சாரமும் போகும் பி.ஓ.இ. முறைதான். 802.3ஏஎஃப் தரத்தில், கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் 15.4 வாட் கொடுக்கும், இழப்பு போகக் கேமராவுக்கு 12.95 வாட் உறுதி. ஸ்விட்ச் வாங்கும்போது துளைகளை மட்டும் எண்ணாமல் மொத்த வாட் வரம்பையும் பார்க்க வேண்டும். பகலில் எல்லாம் ஓடும், இரவில் அகச்சிவப்பு விளக்குகள் ஒன்றாக எரியத் தொடங்கியதும் கேமராக்கள் ஒவ்வொன்றாக அணைந்து எழும் என்றால் காரணம் பெரும்பாலும் அந்த வரம்புதான்.

அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய கேபிள்களைத் தொடவே வேண்டாம். மின்தடை அதிகம், நீளம் கூடக்கூட மின்னழுத்தம் சரியும். முழுத் தாமிரம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

வெளிக்கேட் 130 மீட்டர் தள்ளி இருந்தது. ஈதர்நெட் தாமிரக் கேபிளின் வரம்பு 100 மீட்டர். நீட்டிப்புக் கருவி போடலாம் என்றார்கள். நான் ஒளியிழைக் கேபிளைப் போடச் சொன்னேன். தூரம் மட்டும் காரணமில்லை. கம்பத்தில் மின்னல் தாக்கினாலோ அருகில் இடி விழுந்தாலோ தாமிரக் கம்பி அந்த அதிர்ச்சியை நேரே பதிவுக் கருவிவரை கொண்டுவந்துவிடும். ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாது. கட்டடத்திலிருந்து கட்டடத்துக்கு, கட்டடத்திலிருந்து கம்பத்துக்குப் போகும் எந்த இணைப்புக்கும் இதுவே பொருந்தும்.

பதிவு மென்பொருள்

கேமரா நிறுவனமே தரும் பதிவுப் பெட்டியா, கணினியில் ஓடும் மென்பொருளா என்பது அடுத்த கேள்வி. பெட்டி எளிது, பராமரிப்பு குறைவு. ஆனால் இங்கே ஐந்து பழைய கேமராக்கள் ஒரு நிறுவனம், புதியவை வேறு நிறுவனம். கலந்து ஓட வேண்டும். அதற்குத்தான் ஓன்விஃப் என்ற பொதுத் தரம் இருக்கிறது. 2008-ல் ஆக்சிஸ், போஷ், சோனி மூன்றும் சேர்ந்து தொடங்கியது. பெட்டியில் ஓன்விஃப் என்று மட்டும் அச்சிட்டிருந்தால் போதாது. எந்தச் சுயவிவரம் என்று பார்க்க வேண்டும்: எஸ் என்றால் அடிப்படை ஒளிபரப்பு, டி என்றால் எச்.265 என்ற காணொளிச் சுருக்க முறையும் சேரும், ஜி என்றால் கேமராவிலேயே பதிவு. கேமராவின் காட்சியை நேரடியாக எடுக்கும் ஆர்.டி.எஸ்.பி. முகவரியும் வெளிப்படையாகத் தெரிந்தால் எந்த மென்பொருளோடும் சேரும்.

விண்டோஸில் ஓடும் ப்ளூ ஐரிஸ், நீண்டகாலமாக இருக்கும் திறந்த மூல சோன்மைண்டர், லினக்ஸில் டாக்கர் என்ற மென்பொருள் பெட்டக முறையில் ஓடும் ஃப்ரிகேட் ஆகிய மூன்றையும் பரிசீலித்தோம். ஃப்ரிகேட்டைத் தேர்ந்தெடுத்தோம். ஆள், வண்டி, விலங்கு என்று பிரித்தறிவது அதன் மையத்திலேயே இருக்கிறது, அந்தக் கணிப்பு முழுக்க உள்ளேயே நடக்கிறது, படம் வெளியே எந்தச் சேவையகத்துக்கும் போவதில்லை. அமைப்பது கோப்பில் எழுதும் வேலை. கட்டளைவரியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் பராமரிக்கும் இடமாக இருந்தால் ப்ளூ ஐரிஸைச் சொல்லியிருப்பேன். இங்கே கணினி தெரிந்த ஒருவர் ஊழியராக இருந்தார், அதுதான் முடிவைத் தீர்மானித்தது.

அமைப்பில் கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. ஒவ்வொரு கேமராவிலிருந்தும் இரண்டு காணொளி ஓடைகள் வருகின்றன. முதன்மை ஓடை முழுத் தெளிவோடு, மறுகுறியாக்கம் எதுவும் இல்லாமல், வந்தபடியே வட்டுக்குப் போகிறது. துணை ஓடை சிறிய அளவில், நொடிக்கு 5 சட்டம் என்ற வேகத்தில் ஆளைத் தேடும் பகுதிக்குப் போகிறது. இப்படிப் பிரித்தால் இன்டெல் உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் கொண்ட சிறிய கணினியே ஒன்பது கேமராக்களைத் தாங்கும். துணை ஓடை ரொம்பவும் சிறியதாக இருந்தால் முற்றத்தின் மறுமுனையில் நிற்பவர் சில பிக்சலாகச் சுருங்கி, கண்டறிய முடியாமல் போய்விடுவார். முற்றத்துக்கு மட்டும் 1280×720 வைத்தோம்.

கேமராக்களில் எச்.264+, எச்.265+ என்று கூட்டல் குறியோடு வரும் சிக்கன வசதியை அணைத்தோம். அது முழுச் சட்டங்களுக்கு (முந்தைய சட்டத்தைச் சாராமல் முழுப் படமாகவே பதிவாகும் சட்டங்களுக்கு) இடையிலான இடைவெளியை இஷ்டத்துக்கு நீட்டும்; பதிவைத் தேடும்போது காட்சி தாமதமாகத் திறக்கும், துண்டுகள் சரியாக வெட்டப்படாது. நொடிக்கு 15 சட்டம், முழுச் சட்டம் நொடிக்கு ஒன்று என்று வைத்தோம். நடமாட்டத்தைப் பார்க்க 15 தாராளம்.

படத்தின் மேல் முகமூடிப் பகுதி வரைவதில் பலரும் கை தாராளமாக இருப்பார்கள். ஃப்ரிகேட்டில் அசைவு முகமூடி என்பது ஆளைத் தேட வேண்டாம் என்று சொல்வதில்லை. அந்த இடத்து அசைவை வைத்துத் தேடலைத் தொடங்க வேண்டாம் என்று மட்டும் சொல்கிறது. மரக்கிளை, கொடி, படத்தின் மேல் எழுதப்படும் நேரம் ஆகியவற்றுக்கு மட்டும் அதை வரைந்தோம். எங்கே ஆள் இருந்தால் எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு மண்டலம் வரைய வேண்டும். ஒரு பொருள் மண்டலத்துக்குள் இருக்கிறதா என்பதை அதைச் சுற்றிய கட்டத்தின் கீழ்விளிம்பு நடுப்புள்ளியை வைத்து மென்பொருள் முடிவு செய்கிறது, அதாவது கால் இருக்கும் இடம். ஆகவே மண்டலத்தைத் தரையில் வரைய வேண்டும். வேலிக்கு அப்பால் சாலையில் போகிறவர்களுக்கெல்லாம் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது இந்த ஒரு திருத்தத்தில் நின்றது.

எத்தனை நாள் வைத்திருப்பது

அசைவுக்கு மட்டும் பதிவு என்ற பழைய முறையைக் கைவிட்டு 24 மணி நேரமும் பதிவு செய்தோம். கணக்கு எளிது: நொடிக்கு 1 மெகாபிட் ஓடை ஒரு நாளைக்கு 10.8 ஜிகாபைட். புதிய நான்கும் 6 மெகாபிட், பழைய ஐந்தும் 3 மெகாபிட், மொத்தம் 39. நாளைக்கு 421 ஜிகாபைட். எல்லாவற்றையும் 30 நாள் வைக்க 12.6 டெராபைட் வேண்டும். அதற்குத் தேவை இல்லை. முழுப் பதிவு 14 நாள், அது 5.9 டெராபைட், ஆளோ வண்டியோ கண்டறியப்பட்ட துண்டுகள் மட்டும் 60 நாள். 8 டெராபைட் வட்டு ஒன்றில் இடம் மிஞ்சுகிறது. டபிள்யூ.டி. பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற கண்காணிப்பு வகை வட்டையே வாங்கினோம், ஓயாமல் எழுதுவதற்கென்று செய்யப்பட்டவை அவை. எச்சரிக்கைத் துண்டுகள் உடனுக்குடன் வேறொரு கட்டடத்தில் இருக்கும் கணினிக்கும் நகலாகின்றன. பதிவுக் கணினி பூட்டிய அலமாரிக்குள் போனது.

வலையை அடைத்தல்

2016 அக்டோபர் 21 அன்று டின் நிறுவனத்தின் பெயர்ச் சேவையகங்கள் (தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தருபவை) முடங்கி, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கும் திறக்கவில்லை. தாக்கியது மிராய் என்ற தீநிரல். அதன் படையில் பெரும்பகுதி வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கேமராக்கள், பதிவுப் பெட்டிகள், ரௌட்டர்கள். டெல்நெட் துறை (தொலைவிலிருந்து கருவிக்குள் நுழையும் பழைய வழி) வழியாக, ஆலையில் வைத்த 60-க்கும் மேற்பட்ட பயனர்பெயர்-கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாக முயன்றே அவற்றுக்குள் நுழைந்தது. உச்சத்தில் ஏறத்தாழ 6 லட்சம் கருவிகள் அதன் பிடியில் இருந்தன. நல்ல கடவுச்சொல் மட்டும் போதாது என்பதற்கு 2021 மார்ச் சம்பவம் இருக்கிறது: மேகவழிக் கேமரா சேவை தரும் வெர்காடா நிறுவனத்தின் நிர்வாகி கணக்கு விவரம் இணையத்தில் கசிந்து கிடந்ததால், ஏறத்தாழ 1,50,000 வாடிக்கையாளர் கேமராக்கள் வெளியாட்களுக்குத் திறந்துவிட்டன. அந்த வாடிக்கையாளர்கள் எந்தத் தவறும் செய்திருக்கவில்லை.

இதனால்தான் கேமராக்களுக்கு இணையமே வேண்டாம் என்று வைத்தோம். அவை தனி வி-லேனில், அதாவது மற்ற கணினிகளிலிருந்து பிரித்த தனி வலைப்பின்னலில் இருக்கின்றன. அங்கிருந்து பதிவுக் கணினிக்கு மட்டுமே வழி. ரௌட்டரில் யு.பி.என்.பி. அணைக்கப்பட்டது, இல்லாவிட்டால் கருவிகள் தாமே வெளிவாசலைத் திறந்துகொள்ளும். க்யூஆர் குறியைக் காட்டி இணைக்கும் வசதியும் அணைக்கப்பட்டது. வெளியூரிலிருந்து பார்க்க வயர்கார்டு என்ற வி.பி.என். (மறையாக்கிய தனி இணைப்பு) மட்டும். ஃப்ரிகேட்டின் 5000 என்ற துறை (போர்ட், அதாவது இணைப்பு வாசல் எண்) கடவுச்சொல் கேட்காது, அதனால் அதை வெளியே காட்டவில்லை. பயனர்கள் 8971 வழியாகத்தான் வருகிறார்கள். கேமராவில் மென்பொருளுக்கென்று பார்வை உரிமை மட்டும் உள்ள தனிக் கணக்கு.

இணையத்தை அடைத்ததும் கேமராக்களின் கடிகாரம் தடுமாறும், ஏனென்றால் அவை நேரத்தை இணையத்திலிருந்துதான் கேட்கின்றன. பதிவுக் கணினியையே நேரச் சேவையகமாக்கி, ஒன்பதும் அதைக் கேட்கும்படி வைத்தோம்.

பக்கத்துக் கட்டடத்தின் ஜன்னல்களைக் கேமராவிலேயே கறுப்புக் கட்டத்தால் மறைத்தோம், ஒலிப்பதிவை அணைத்தோம். தனிமனிதப் பேச்சைப் பதிவு செய்வதற்குப் பல நாடுகளில் தனிச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் ஊழியர்களின் பேச்சு அவர்களுடையது.

சோதனையும் அதன் பிறகும்

இருட்டிய பிறகு கறுப்பு உடையும் தொப்பியும் போட்ட ஒருவரை எல்லா வழிகளிலும் நடக்கவிட்டோம், ஓடவிட்டோம். அப்புறம் ஒரு கேமராவின் கேபிளைப் பிடுங்கினோம்: எச்சரிக்கை வந்ததா? மின்சாரத்தை நிறுத்தினோம்: யு.பி.எஸ். தாங்கியதா, திரும்ப வந்தபோது பதிவு தானே தொடங்கியதா? வட்டு நிறைந்தால் பழையது அழிகிறதா, அல்லது எல்லாமே நின்றுவிடுகிறதா? ஒரு காட்சியைப் பிரித்தெடுத்து, கோப்பு பின்னால் மாறவில்லை என்று காட்டும் அதன் எஸ்.எச்.ஏ.-256 குறியீட்டைக் கணக்கிட்டு எழுதிவைத்து, வேறொரு கணினியில் திறக்கிறதா என்றும் பார்த்தோம். அதை நான் செய்யவில்லை. இரவுப் பணியில் இருப்பவரைச் செய்யச் சொன்னேன். தேவைப்படும் நேரத்தில் அங்கே இருக்கப்போகிறவர் அவர்தான்.

சில மாதம் கழித்து, பின்னோக்கி வந்த ஒரு லாரி கேட் தூணை இடித்துவிட்டு நிற்காமல் போனது. வண்டியின் எண், நேரம், இடித்த கணம் மூன்றும் மூன்று கேமராக்களில் ஒரே நொடியில் பொருந்தி நின்றன. ஓட்டுநர் தரப்பு மறுக்கவில்லை, பழுதுபார்ப்புச் செலவைக் கொடுத்துவிட்டார்கள்.

ஒன்று தீராமல் இருந்தது. கிடங்கின் பக்கச் சுவரில் குறுகலான ஒரு சந்து. கேமரா மாட்ட நல்ல கோணம் இல்லை, எப்படிப் பார்த்தாலும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி படத்தைக் கெடுத்தது. பத்தாவது கேமராவுக்குப் பதிலாக அங்கே அசைவுக்கு எரியும் விளக்கு ஒன்றும், அந்தப் பக்கக் கதவில் காந்தத் தொடுவுணரி ஒன்றும் வைத்தோம். கதவு திறந்தால் தொடுவுணரி பதிவுக் கணினிக்குச் செய்தி அனுப்புகிறது, உள்ளே இருக்கும் நடைபாதைக் கேமராவின் அந்த நேரத்துக் காட்சி 60 நாள் பட்டியலில் தானே சேர்ந்துவிடுகிறது.